திரைக்குள் திரவப் படிகம்

வடநாட்டுக் குளிர்காலத்தில் கம்பளிக் கையுறையோடு கைப்பேசியைத் தொட்டால் அது பணிய மறுப்பதை, டில்லியிலும் சிம்லாவிலும் வாழும் நம்மவர் பலர் கண்டிருப்பர். கையுறையைக் கழற்றி வெறும் விரலை வைத்ததும் திரை இசைகிறது. அது உணர்வது விரலின் அழுத்தத்தையன்று, சூட்டையுமன்று. நம் உடல் மின்சாரத்தைக் கடத்தவல்லது என்பதையே அது உணர்கிறது.

கண்ணாடியின் உட்புறத்தில், இண்டியமும் வெள்ளீயமும் கலந்த ஆக்ஸைடு ஒன்று கட்டங்கட்டமாக மிக மெல்லிதாகப் பூசப்பட்டிருக்கிறது. செம்பு மின்சாரத்தைக் கடத்தும், ஒளியை விடாது. கண்ணாடி ஒளியை விடும், மின்சாரத்தைக் கடத்தாது. இவ்விரு குணங்களும் ஒருங்கே அமைந்த அரிய பொருள் இப்பூச்சு. விரல் நெருங்கியதும் அவ்விடத்து மின்னூட்டம் சற்றே மாறுகிறது. மாறிய இடத்தைக் கருவி கணக்கிட்டுக்கொள்கிறது. தடித்த கம்பளி இடையில் வந்தாலோ, விரல் எட்டாத தொலைவில் நின்றுவிடுகிறது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிப்போருக்கு உதவும் என்று, இத்தகைய தொடுதிரையை இங்கிலாந்தில் ஈ. ஏ. ஜான்சன் 1965-லேயே விவரித்திருந்தார்.

தொடுகை இருக்கட்டும், படம் தோன்றுவது எவ்வாறு? 1888-ல் ரைனிட்ஸர் என்ற தாவரவியல் அறிஞர், கொலஸ்டிராலிலிருந்து செய்த ஒரு பொருளைச் சூடாக்கினார். அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கிய நீர்மமாயிற்று, 178.5 டிகிரியில் திடீரெனத் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என்று அவர் திகைத்தார். கலங்கிய அந்நிலைக்குத் திரவப் படிகம் என்று பெயர் வந்தது. சொற்களை எடைபோடுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு இது முரண்பட்ட தொடராகத்தான் படுகிறது. ஆனால் பொருளே அப்படிப்பட்டது: நீரைப்போல் ஓடும், அதன் மூலக்கூறுகளோ படிகத்தில் உள்ளவைபோல் ஒரு திசை நோக்கி நிற்கும்.

எளிய வகைத் திரையில், ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் இரு தாள்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும். அவற்றிடையே மூலக்கூறுகள் சுழற்படிபோல் கால்வட்டம் திரும்பி நின்று, ஒளியையும் திருப்பி வெளியே அனுப்புகின்றன. மின்சாரம் செலுத்தினால் அவை நிமிர்ந்துவிடுகின்றன, அப்புள்ளி இருண்டுவிடுகிறது. இவற்றுக்குச் சொந்த ஒளி இல்லை. பின்னாலுள்ள விளக்கின் ஒளிக்கு இவை கதவுகள் மட்டுமே. சாதாரண வெப்பத்தில் நிலைத்துநிற்கும் சேர்மங்களை ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே 1973-ல் அளித்த பின்னரே, கைக்கடிகாரங்களிலும் கணக்குப்பொறிகளிலும் இத்திரை பரவலாயிற்று. இன்று பல கைப்பேசிகளில் தாமே ஒளிவிடும் கரிமச் சேர்மங்கள் இதன் இடத்தைப் பிடித்துள்ளன.

கோல் வடிவ மூலக்கூறுகளே திரவப் படிகமாகும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1977-ல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகரும், சதாசிவா, சுரேஷ் ஆகிய அவருடைய சகாக்களும் அதை மாற்றினர். தட்டு வடிவ மூலக்கூறுகளும், அடுக்கிய நாணயங்களைப்போல் தூண்தூணாக நின்று திரவப் படிகமாகும் என்று காட்டினர். (1983-ல் நோபல் பரிசு பெற்ற வானியல் அறிஞர் வேறொரு சந்திரசேகர்; அவர் ராமனின் தமையனார் மகன், இவர் சகோதரி மகன்.) கோல்களாலான திரையைப் பக்கவாட்டில் நோக்கினால் படம் மங்கும், அக்குறையைத் தீர்க்கும் மெல்லிய படலத்தை இத்தட்டுகளைக்கொண்டு 1990-களில் செய்தது ஜப்பானியத் தொழிற்சாலை. பெங்களூரில் தோன்றிய அறிவு அவ்வழியே கடல் கடந்தது. இந்நாட்டில் விற்கும் கருவிகளின் திரைப்பலகைகளோ, பெரும்பாலும் இன்றும் அயல்நாடுகளிலிருந்தே வந்து இறங்குகின்றன.