வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற சி.என்.சி. ரௌட்டர்

எண்களால் இயந்திரத்தை ஏவும் கலை நேற்றுப் பிறந்ததன்று. ஜான் பார்சன்ஸ் என்னும் அமெரிக்கரின் கருத்தை அடியொற்றி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-ஆம் ஆண்டில் அத்தகைய வெட்டுப்பொறி ஒன்றை இயக்கிக் காட்டினர். அதற்குக் கட்டளையிட அன்று வெற்றிடக் குழாய்கள் நிறைந்த பெட்டிகள் வேண்டியிருந்தன. இன்றோ உள்ளங்கையளவு மின்பலகை ஒன்றே அவ்வேலையைச் செய்கிறது. ஆதலின் மரத்தில் உருச்செதுக்கும் சி.என்.சி. ரௌட்டர் வீட்டு மேசைக்கே வந்துவிட்டது.

தில்லியில் பணியாற்றும் என் தமையனார், தம் வீட்டுப் பால்கனியில் ஓய்வுநேரப் பட்டறை ஒன்று அமைக்க 40,000 ரூபாய் சேர்த்துள்ளார். ஈராண்டுச் சேமிப்பு அது. பௌதிகம் பயில்பவன் என்பதால் பொறியைத் தேரும் பொறுப்பை என்னிடம் விட்டார். அதன்பொருட்டு நான் ஆராய்ந்தவை, இதே ஆசையுள்ள நம் சங்கத்து அன்பர்களுக்கும் பயன்படும் என்றெண்ணி எழுதுகிறேன்.

முதற்கேள்வி, எதைச் செய்யப் போகிறோம் என்பது. தமையனார் செய்ய விரும்புவது பல்லாங்குழிப் பலகை. வரிசைக்கு ஏழு குழிகள். குழி ஒன்றுக்கு 40 மில்லிமீட்டர் இடம் விட்டால் மொத்தம் 280 மில்லிமீட்டர். 300-க்கு 180 மில்லிமீட்டர் பரப்புள்ள சிறு பொறியே அதற்குப் போதும். ஒரு மீட்டர்ப் பொறியை வாங்கி வைத்தால், பால்கனியில் துணி உலர்த்தவும் இடமிராது.

அடுத்தது, விளம்பரங்கள் பறைசாற்றும் துல்லியம். இப்பொறிகளிலுள்ள ஸ்டெப்பர் மோட்டார் பொதுவாக ஒரு சுற்றை 200 படிகளில் முடிக்கும். சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத்தண்டில், ஒரு படிக்கு 0.04 மில்லிமீட்டர். அதனை மேலும் 16 கூறாக்கினால் 0.0025 மில்லிமீட்டர். கணக்குச் சரியே; ஆயின் அது பிட் காற்றில் நகரும்போது உள்ள கணக்கு. பிட் மரத்தில் இறங்கியதும் மரம் எதிர்த்துத் தள்ளும், சட்டம் வளையும். வளைவு பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆனாலே அத்தனை தசமங்களும் வீண்.

ஆகவே நாம் தேட வேண்டியது விறைப்பு. இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட உருளைத்தண்டின் நீளம் இருமடங்கானால், அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். விட்டம் 10 மில்லிமீட்டரிலிருந்து 12 ஆனாலோ, வளைவு ஏறக்குறையப் பாதியாகும். அகன்ற பொறியில் மெல்லிய தண்டு இருப்பின் விலகிச் செல்க.

"மெல்ல ஓட்டினால் போயிற்று" என்பார் உளர். ரௌட்டர் நிமிடத்திற்கு 10,000 முறை சுழல, பிட்டுக்கு இரண்டு வெட்டுவாய்கள் இருக்க, ஒவ்வொன்றும் 0.05 மில்லிமீட்டர் சீவ வேண்டுமாயின் நிமிடத்திற்கு 1,000 மில்லிமீட்டர் நகர வேண்டும். அதனை 200 ஆகக் குறைத்தால் சீவல் 0.01 ஆகிவிடும். பிட் வெட்டாமல் உரசும், மரம் கருகும், கூர் மழுங்கும்.

கடைக்குச் சென்றால், மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, பிட் பிடிக்கும் தலையைக் கையால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய அசைந்தால் அப்பொறி வேண்டா. ஒரு சதுரம் வெட்டச் சொல்லி இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவை ஒத்திருத்தல் வேண்டும். ஜி.ஆர்.பி.எல். போன்ற பொதுவான நிரலில் இயங்கும் மின்பலகையாயின், பழுதுற்றால் வேறொன்று மாற்றலாம்.

நிற்க. பணம் முழுவதையும் பொறிக்கே கொடுத்துவிடலாகாது. கால்பங்கையேனும் பிட், இறுக்கிகள், கண்ணாடி, தூசி உறிஞ்சி ஆகியவற்றுக்கு ஒதுக்குக. மரத்தூசியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மனிதருக்குப் புற்று விளைவிப்பவற்றின் முதற்பிரிவில் சேர்த்தது. தமையனார் வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறாள். ஆதலின் பட்டியலில் தூசி உறிஞ்சியை முதலிலும் ரௌட்டரை அடுத்தும் எழுதிக் கொடுத்தேன். அண்ணியார் அவ்வரிசையை உடனே ஒப்புக்கொண்டார். தமையனார் மட்டும் சற்று யோசித்தார்.

பரப்பைக் கண்டும் தசமங்களைக் கண்டும் மயங்காமல், அசையாத பொறியைத் தேர்ந்தெடுங்கள். சிறிதாயினும் அது நெடுநாள் உழைக்கும்.