வளரியை எப்படி எறிந்தார்கள்?



மாமரத்து உச்சிக் கொப்புல தொங்குற காயை அடிக்கணும்னா கல் எடுப்போம், இல்லேன்னா ஒரு கம்பை விட்டெறிவோம். கல்லு கொஞ்சம் விலகினாலும் குறி தப்பிரும். கம்பு அப்படி இல்லை. அது சுத்திக்கிட்டே போகும். அதனால எந்த முனை பட்டாலும் காய் விழுந்துரும். இந்தச் சின்ன விஷயத்தை ஒரு போர்க்கலையாகவே வளர்த்தவர்கள் நம் தென்சீமைக்காரர்கள். அந்த ஆயுதத்தின் பெயர் வளரி. வளைதடி என்றும் சொல்வார்கள். சினிமாவில் வளரியைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதை எப்படி எறிவார்கள், ஏன் அப்படி எறிவார்கள் என்பதை அறிவியலோடு சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வளரி எப்படி இருக்கும்?

பிறை நிலா மாதிரி வளைஞ்சு இருக்கும். வைரம் பாய்ந்த மரத்தில் செய்வார்கள். இரும்பிலும் உண்டு. ஒரு முனை கனமாகவும், மறுமுனை லேசாகவும் இருக்கும். சென்னை அருங்காட்சியகத்தில் அதிகாரியாக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்பவர் 1909-இல் வெளியிட்ட புத்தகத்தில், தஞ்சாவூர் ஆயுதசாலையில் இருந்து வந்த யானைத் தந்த வளரிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

எப்படிப் பிடிப்பது?

கனமான முனையைப் பிடிக்கக் கூடாது. லேசான முனையைத்தான் பிடிக்க வேண்டும். இது ஏன் என்று சுத்தியலை நினைத்தால் புரியும். ஆணி அடிக்கும்போது கைப்பிடியைத்தானே பிடிக்கிறோம்? கனம் கையை விட்டுத் தள்ளி இருந்தால், கை கொஞ்சம் அசைந்தாலும் அந்த முனை ரொம்ப வேகமாகச் சுற்றி வரும். அடி பலமா விழும்.

எப்படி எறிவது?

தோளுக்கு மேலே சில தடவை சுழற்றி, வேகம் ஏறினதும் விட வேண்டும். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்து கிடைத்த குறிப்பு என்று தர்ஸ்டன் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது. சுழற்றாமல் எறிந்தால் கை ஒரு தடவை வீசுகிற வேகம் மட்டும்தான் கிடைக்கும். சுழற்றி எறிந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடும். கவட்டைக்குப் பதிலாகக் கவணில் கல் வைத்துச் சுற்றிப் புனம் காக்கிறவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

ஏன் தோளுக்கு மேலே?

இதுதான் முக்கியமான இடம். கவனமாகப் படியுங்கள்.

கையைத் தோளுக்கு மேலே கொண்டுவந்து எறியும்போது கை மேலிருந்து கீழாக வருகிறது. சீக்கிரம் விட்டுட்டா கம்பு உயரப் போகும். லேட்டா விட்டா முன்னாடி தரையில விழும். ஆனால் ரெண்டுமே குறி இருக்கிற திசையில்தான் போகும். தூரம்தான் தப்பும், திசை தப்பாது.

கையைப் பக்கவாட்டில் வீசினால் நேர்மாறு. வலது கைக்காரர் சீக்கிரம் விட்டா வலது பக்கம் போகும், லேட்டா விட்டா இடது பக்கம் போகும். பக்கத்தில் நிற்கிறவர் பாடு ஆபத்து. அதே சமயம் பக்கவாட்டு வீச்சில் ஒரு லாபமும் இருக்கு. கம்பு தரைக்குப் படுக்கையாகச் சுற்றிப் போவதால் அகலமான இடத்தை அடைத்துக்கொண்டு போகும். ஓடுகிற முயலுக்கு அது தப்ப வழி இல்லாத வீச்சு.

நம் பள்ளி விளையாட்டு விழாவில் ஈட்டி எறிகிறோமே, அதிலும் இதே விஷயம் நடந்திருக்கிறது. 1956-இல் ஸ்பெயின் நாட்டு வீரர்கள் வட்டு எறிவது மாதிரி உடம்பையே சுற்றி ஈட்டியை எறிந்தார்கள். ஈட்டி ரொம்ப தூரம் போனது. ஆனால் எந்தப் பக்கம் போகும் என்றே சொல்ல முடியவில்லை. பார்க்க வந்தவர்களுக்கு ஆபத்து என்று அந்த முறையைத் தடை செய்துவிட்டார்கள். ஈட்டியைத் தோளுக்கு மேலேதான் எறிய வேண்டும் என்று இன்றைக்கும் விதி இருக்கிறது.

சுற்றினால் ஏன் நேராகப் போகிறது?

நிற்கிற பம்பரம் விழுந்துரும், சுத்துற பம்பரம் விழாது. சுற்றுகிற பொருள் தன் அச்சை லேசில் மாற்றாது. வளரியும் அப்படித்தான். காற்று கொஞ்சம் தள்ளினாலும் தடுமாறாமல் போகும்.

வளரி திரும்பி வருமா?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. ஆஸ்திரேலியாவின் பூமராங் திரும்பி வரும். அது லேசானது, அதன் கைகள் பறவை இறக்கை மாதிரி சீவப்பட்டிருக்கும். நிறுத்தி எறியும்போது மேல் கை காற்றை வேகமாக வெட்டுகிறது, கீழ் கை மெதுவாக வெட்டுகிறது. அந்த வித்தியாசம்தான் அதை வளைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறது. அமெரிக்காவில் டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு உண்டு. பிளாஸ்டிக் தட்டைத் தூரத்தில் இருக்கிற கூடைக்குள் எறிய வேண்டும். நடுவில் மரம் மறைத்தால் தட்டை நிறுத்திப் பிடித்துத் தலைக்கு மேலே எறிவார்கள். அந்தத் தட்டு பாதி வழியில் குப்புறக் கவிழ்ந்து இறங்கும். லேசான, அகலமான பொருளைக் காற்று திருப்பிவிடும். கனமான வளரியைக் காற்றால் அவ்வளவு திருப்ப முடியாது. போய் அடிப்பதற்காகச் செய்தது அது. ஆஸ்திரேலியாவிலும் வேட்டைக்கு எறிகிற கனமான தடிகள் திரும்பி வராது.

வித்தை எங்கே போனது?

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி 1830-இல் எழுதிய புத்தகத்தில், தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். நூறு கஜ தூரத்துக்குள் குறி தப்பாமல் எறியலாம் என்றும் சொல்கிறார். நூறு கஜம் என்றால் சுமார் 91 மீட்டர். நாம் 100 மீட்டர் ஓட்டத்துக்குக் கோடு போடுவோமே, அதில் ஒன்பது மீட்டர்தான் குறைவு!

பிறகு 1801-இல் போர் வந்தது. பிப்ரவரியில் ஊமைத்துரை நம் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி கட்டினார். மே மாதம் அது விழுந்ததும் மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தார். அக்டோபர் 24-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். வெல்ஷ் அந்தப் போரில் ஆங்கிலேயர் பக்கம் இருந்தார். கற்றுக் கொடுத்தவரைத் தன் படையே தூக்கிலிட்டதை அவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். டிசம்பரில் கவர்னர் எட்வர்டு கிளைவ், பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அறிவிப்புப் போட்டார்.

அதற்குப் பிறகு நூறு வருஷம்தான் ஆனது. வளரி எறிவதில் கைதேர்ந்தவர் புதுக்கோட்டையில் இப்போது யாரும் இல்லை என்று தர்ஸ்டன் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். வீடுகளில் சாமி அறையில் வைத்திருந்தார்களாம். ஆயுத பூஜை அன்றைக்கு எடுத்துத் துடைத்துக் கும்பிட்டு, திரும்ப அங்கேயே வைத்துவிடுவார்களாம். கம்பைப் பத்திரமா காப்பாத்திட்டாங்க. எறியிற கையைக் காப்பாத்த முடியல. கம்பை ஒளிச்சு வைக்கலாம். ஆனா பழகாத வித்தை ரெண்டு மூணு தலைமுறையில போயிரும். இப்போது சில இடங்களில் சிலம்பம் சொல்லித் தருகிறவர்கள் வளரியையும் பழக்குகிறார்கள். நல்ல விஷயம்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

நிஜக் கம்பை எறிய வேண்டாம், ஆள் மேல பட்டா மண்டை உடையும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ‘ட’ எழுத்து மாதிரி வளைவாக வெட்டுங்கள். ஒவ்வொரு கையும் விரல் நீளம் போதும். நோட்டின் விளிம்பில், ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிற மாதிரி வையுங்கள். அந்தக் கையை விரலால் சுண்டுங்கள். சுற்றிக்கொண்டு பறக்கும், சில சமயம் வளைந்து உங்க பக்கமே வரும். சுண்டாமல் சும்மா தள்ளினால் பொத்தென்று விழும். பிறகு இரண்டு முனையிலும் சோறு வைத்துச் சின்ன அட்டைத் துண்டுகளை ஒட்டிக் கனமாக்கிச் சுண்டுங்கள். வளைவு குறைந்து நேராகப் போகும். பூமராங்குக்கும் வளரிக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது கண்ணாலேயே தெரியும்.

உங்க வீட்டு ஆச்சி, தாத்தாவிடம் எறிகம்பு, கவண் பற்றிக் கேளுங்கள். அவர்கள் எப்படிப் பிடித்தார்கள், எப்போது விட்டார்கள் என்று எழுதிக் கொண்டுவாருங்கள். அடுத்த மாதத் தாளில் சேர்த்து ஒட்டலாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி