குறுஞ்செய்தியும் மருத்துவ நாளும்

மருத்துவர் ஒரு நாளைக் குறித்து, அன்று தவறாது வருமாறு பணிக்கின்றார். நோயாளியும் சீட்டினை மடித்து முந்தானையில் முடிந்துகொள்கின்றாள். அந்நாள் வந்து கழிகின்றது, அவள் வந்திலள். இதனாற் கெடுவது யாது என வினவுவோர்க்கு எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றே விடையாகும்.

என் அம்மாயிக்குக் கண்ணழுத்த நோய். அந்நோய் பெரும்பாலும் வலி தாராது. பார்வையை ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கவர்வது. போன பார்வை மீளாது. ஆதலின் சில திங்கட்கு ஒரு முறையேனும் கண்ணின் அழுத்தத்தை அளந்து பார்த்தல் இன்றியமையாதது. மருத்துவமனையார் வாளாவிருந்தாரல்லர்; நினைவூட்டுக் குறுஞ்செய்தி விடுத்தனர். அது சென்று சேர்ந்ததோ, திருப்பூர்ப் பனியன் கம்பெனியொன்றில் இரவு வேலை பார்க்கும் என் மாமாவின் கைப்பேசிக்கு! செய்தியும் ஆங்கிலத்தில் இருந்தது. கடன் தருகிறோம், மனை விற்கிறோம் என நாள்தோறும் வந்து குவியும் செய்திகளுள் அதனையும் ஒன்றெனக் கருதி அவர் விட்டுவிட்டார். ஏழு திங்கள் கழித்து அம்மாயி மருத்துவமனை புகுந்தபொழுது வலக்கண்ணின் பார்வை பெரிதும் குன்றியிருந்தது.

அங்ஙனமாயின் குறுஞ்செய்தியாற் பயனில்லையோ எனின், உண்டு. கைப்பேசிச் செய்தி முதன்முதல் அனுப்பப்பெற்றது 1992 டிசம்பர் 3ஆம் நாள். நீல் பாப்வர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர் விடுத்த அது கிறிஸ்து பிறப்பு வாழ்த்தாக அமைந்தது. வாழ்த்துக் கூறப் பிறந்த அக்கருவி மருத்துவத்திற்கும் துணையாயிற்று. 2013இல் காக்ரேன் ஆய்வாளர் 6,615 பேரை உள்ளடக்கிய எட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். நினைவூட்டல் பெறாதாருள் நூற்றுக்கு 67.8 பேர் குறித்த நாளில் வந்தனர்; குறுஞ்செய்தி பெற்றாருள் 78.6 பேர், தொலைபேசியில் அழைக்கப்பெற்றாருள் 80.3 பேர். அழைப்புக்கும் செய்திக்கும் வேற்றுமை சிறிது. செலவிலோ செய்தியே குறைவு.

செய்தியின் சொல்லமைப்பும் பயனை மாற்றும் என்பது வியப்பன்றோ! இலண்டன் மருத்துவமனைகளில் நிகழ்ந்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வழக்கமான செய்தி பெற்றாருள் நூற்றுக்கு 11.1 பேர் வாராதொழிந்தனர். நீவிர் வாராவிடில் இத்துணைப் பவுன் வீணாகும் எனத் தொகையைக் குறித்து எழுதியபொழுது அஃது 8.4 ஆகக் குறைந்தது.

இனி, தமிழ் பயில்வார்க்குச் சுவை தரும் ஒரு செய்தி. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழில் எழுதினாலோ 70 குறிகளே அடங்கும். அதற்கு மிகின் செய்தி இரண்டாகப் பிளவுற்று, இரண்டாகவே எண்ணப்படும். இவற்றிலும் ஒரு சிக்கல் உளது. உயிர்மெய்யை ஓரெழுத்தென நம் இலக்கணம் கொள்ளும். ஒருங்குறி முறையோ 'கி' என்பதனைக் ககரத்துக்கு ஒன்று, இகரக் குறிக்கு ஒன்று என்றாற்போல இரண்டாக எண்ணும். 'மருத்துவமனை' நமக்கு ஏழெழுத்து. பொறிக்குப் பதினொரு குறி. பெயர், நாள், நேரம், இடம் ஆகிய நான்கனையும் எழுபதுள் அடக்குதல் குறள் வெண்பா யாத்தலினும் அரிது! மருத்துவமனைகள் ஆங்கிலத்தை நாடுதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும் என யான் எண்ணுகின்றேன். ஆயினும் படிக்கவியலாத மலிவுச் செய்தியினும் படிக்கக் கூடிய இரட்டைச் செய்தியே சிக்கனமன்றோ?

நம் நாட்டு ஆய்வுகள் இருவேறு விடை தருகின்றன. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு வருதற்குரிய நிலையிலிருந்த ஆடவர் 537 பேரை ஈராண்டு நோக்கினர். உணவும் உடலுழைப்பும் பற்றிய குறுஞ்செய்தி பெற்றாருள் நூற்றுக்கு 18 பேர்க்கும், பெறாதாருள் 27 பேர்க்கும் அந்நோய் வந்தது. மாறாக, 2014இல் வெளிவந்த தென்னிந்திய ஆய்வொன்றில், எச்.ஐ.வி. நோயாளர் 631 பேருள் ஒரு சாரார்க்கு வாரந்தோறும் பேசி அழைப்பும் படச்செய்தியும் விடுத்தும், ஏனையோரினும் மிகுபயன் காணப்பெறவில்லை. மறதியைச் செய்தி நீக்கும். நாட்கூலி இழப்பையும் பேருந்துக் கட்டணத்தையும் உடன்வரத் துணையின்மையையும் அஃது எங்ஙனம் நீக்கும்? விசைத்தறி ஓட்டுவான் ஒருவன் ஒரு நாள் வாராவிடில் அன்றைய கூலி போயிற்று. 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், குருதியழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்தை வீட்டு வாயிலுக்கே கொணர்ந்தமை இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தே போலும்.

எம் இல்லத்தில் யாம் செய்தது மிக எளிது. மருத்துவமனைப் பதிவேட்டில் மாமாவின் எண்ணை நீக்கி என் எண்ணை எழுதுவித்தேன். செய்தி வந்த அன்று மாலையே விடுதியிலிருந்து அம்மாயியை அழைத்துச் சொல்வேன். சென்ற முறை அவர், "அன்னைக்குச் சந்தையாச்சே, கண்ணு" என்றார். சந்தைக்கு மாமாவைப் போகச் சொல்லி, யான் காலைப் பேருந்தில் ஊர் சென்று அவரை அழைத்துப் போனேன்.