கன்றுக்குட்டிக் கணக்கு

தெற்கு இத்தாலியில் குரோட்டோனே என்றொரு ஊர் இருக்கிறது. 2500 ஆண்டுகளுக்கு முன் அது கிரேக்கர்கள் குடியேறி வாழ்ந்த ஊர். அங்கே மைலோ என்ற மல்யுத்த வீரர் இருந்தார். ஒலிம்பிக்கில் ஆறு முறை வென்றவர். அத்தனை பலம் எப்படி வந்ததாம்? பிறந்த கன்றுக்குட்டி ஒன்றைத் தினமும் தோளில் தூக்கி நடந்தாராம். கன்று வளர வளர அவர் பலமும் வளர்ந்ததாம். கடைசியில் நாலு வயதுக் காளையையே தூக்கிவிட்டாராம்.

கொஞ்சம் பொறுங்கள், கணக்குப் போடுவோம். பிறந்த கன்று ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். ஒரு நாளைக்கு அரைக் கிலோ ஏறுகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரே வருடத்தில் 200 கிலோ தாண்டிவிடும். நாலு வயதில்? 2021-ல் ஜார்ஜியா நாட்டு வீரர் லாஷா தலகாட்சே தலைக்கு மேல் தூக்கி உலக சாதனை படைத்ததே 267 கிலோதான். தோளில் சுமப்பது அதைவிடச் சுலபம், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் இந்தக் கதையில் பாதி புளுகு என்பதுதான் என் கட்சி.

மீதிப் பாதி அறிவியல். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் உடம்பு அதற்கேற்ப மாறும். எப்படி மாறுகிறது என்பதில்தான் ஒரு வேடிக்கை.

புதிதாகப் பயிற்சி தொடங்கியவருக்கு முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று கூடும். ஆனால் கையை அளந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கும்! காரணம், முதலில் பயிற்சி பெறுவது தசை அல்ல, நரம்பு. புஜத்தில் லட்சக்கணக்கான தசை நார்கள் இருக்கின்றன. மூளை ஆணையிட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை. தேர் வடத்தில் கை வைத்தவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகருமா? பழகப் பழக, மூளையால் அதிக நார்களை ஒன்றாக இழுக்க வைக்க முடிகிறது.

அதன் பிறகுதான் நார் தடிக்கத் தொடங்கும். ஒவ்வொரு நாருக்குள்ளும் ஆக்டின், மையோசின் என்ற புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன. பாரம் கூடும்போது உடம்பு இந்த இழைகளைக் கூடுதலாகக் கட்டுகிறது. இந்த வேலை பெரும்பாலும் நீங்கள் ஓய்வெடுக்கும்போதும் தூங்கும்போதும் நடக்கிறது. மைலோவின் கன்றுக்கோ லீவே கிடையாது. தூக்குபவரின் கை தயாரா என்று கேட்காமல் அது பாட்டுக்கு வளரும்.

கையைக் கேட்டுப் பாரத்தை ஏற்றியவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டுத் தசை மெலிந்துபோன வீரர்களுக்கு அவர் சிகிச்சை அளித்தார். லேசான அசைவையே பலமுறை செய்யச் சொல்வதுதான் அப்போது வழக்கம். டிலார்மோ பாரத்தைத் தூக்கச் சொன்னார். ஒருவரால் எந்த எடையைச் சரியாக 10 முறை மட்டும் தூக்க முடிகிறதோ, அதுதான் அவருக்கான அளவு. வாரம் ஒருமுறை சோதித்து அளவை மாற்றினார். 1945-ல் இந்த முறையைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

உங்கள் வயதில் இரும்பைத் தூக்குவதென்றால் பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். ஆனால் பாரம் உங்களிடமே இருக்கிறதே! நின்றபடி சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுத்தால் கைக்குச் சிறு பாரம்தான். 10 முறை உடல் வளையாமல் செய்ய வந்துவிட்டால் பெஞ்சுக்கு மாறுங்கள். அதுவும் சுலபமானால் தரை. மூட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் தரையில் வைத்து, இரு கைகளையும் அதன்மேல் ஊன்றி, தண்டால் நிலையில் இருந்து பாருங்கள். 30 கிலோ எடையுள்ளவருக்கு முள் சுமார் 20-ஐக் காட்டும். அதே மெஷினைப் பெஞ்சின்மேல் வைத்து, நகராமல் பெரியவர் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுபடி கையை ஊன்றுங்கள். எத்தனை கிலோ குறைகிறது?