தெருநாய்க்காக அழலாமா?

எங்கள் ஊர் காரைக்கால்மேட்டில் நாய்களுக்குப் பஞ்சமே கிடையாது. கரையில் வலை உதறும் இடத்தில் பொடிமீன் கிடைத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வந்தால்தான், பாவம், வயிறு ஒட்டிப்போய்த் தெருவுக்குள் வந்து நிற்கும். அப்படி வந்தவள்தான் செவலை. யார் வீட்டு நாயும் இல்லை. எல்லார் வீட்டுப் பழைய சோறும் அவளுக்குத்தான்.

போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் கோலம் போட வந்தால், எதிர்வீட்டுத் திண்ணையோரம் விறைத்துக் கிடக்கிறாள். முதல்நாள் ராத்திரிகூட வாலாட்டிச் சோறு தின்றவள்! வண்டி அடித்த காயமும் இல்லை.

தெருப் பிள்ளைகள் எல்லாம் ஒரே அழுகை. "தெருநாய்க்குப் போயி ஏன்க்கா இப்புடி அழுவுதுங்க?" என்றாள், மீன் கூடையோடு வந்தவள். ஏன் அழக்கூடாது? புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சி போகும்போது தெருவிலேயே சரிந்து உயிரை விட்டதே, ஊரே திரண்டு அழவில்லையா? செவலைக்காக அழ இந்த வாண்டுகளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆனால் சகோதரிகளே, கண்ணைத் துடைத்துவிடும்போதே ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். "பத்து நாளுக்குள்ள அது யாரையாச்சும் கடிச்சுதா, பிராண்டுச்சா, புண்ணு மேல நக்குச்சா? அடிக்க மாட்டேன், சொல்லுங்கடா" என்று நான் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பயல் மெல்லக் கையை நீட்டினான். விளையாடும்போது பல் பட்ட கீறல். ரத்தம் வரவில்லை. நாலு நாளாக மறைத்து வைத்திருக்கிறான்!

கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நன்றாக இருந்தால் பயமில்லை. அதற்குள் செத்துப்போனால் வெறிநோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நோயின் அறிகுறி மனிதருக்கு வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. முன்கூட்டியே ஊசி போட்டால் வராமலே தடுக்கலாம். அதற்காக நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று இருக்கக்கூடாது. பல் பட்ட அன்றைக்கே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி வைத்தியமெல்லாம் வேண்டாம். வெறுமனே சோறு போட்ட பிள்ளைக்கும், தடவிக் கொடுத்த பிள்ளைக்கும் ஊசி தேவையில்லை.

"தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசியா?" என்று பயலின் ஆத்தா அலறினார். அதை நிறுத்தி 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது கையில் தோலுக்குள் போடும் சின்ன ஊசிதான். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். ரத்தம் வரக் கடித்திருந்தால், காயத்திலேயே போடும் மருந்து ஒன்றும் சேரும்.

செவலையைப் பிள்ளைகள் தொட விடவில்லை. பெரியவர்கள் கையுறை மாட்டி, சாக்கில் சுற்றி, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். வாண்டுகள் தள்ளி நின்று செம்பருத்தி போட்டன. "தூங்குதா அத்தை?" என்று கேட்ட சின்னவளிடம், "இல்லடா கண்ணு, செத்துப்போச்சு. இனிமே வராது" என்றேன். தூங்குகிறது என்று சொல்லிவிட்டால் ராத்திரி அவள் தூங்கவே பயப்படுவாள். 2004 சுனாமியில் அத்தனை பேரைப் பறிகொடுத்த ஊரில் சாவை எத்தனை நாள் மூடி மறைப்பது?

பயலுக்கு மூன்று ஊசி ஆகிவிட்டது. "நல்லாத்தானே இருக்கான், நாலாவது எதுக்கு?" என்று அவன் அம்மா இழுக்கிறாள். வருகிற வியாழக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.