ராத்திரி டேட்டாவைத் தின்றது யார்? வீட்டு லினக்ஸில் நெட்வொர்க்கைக் கவனிப்பது எப்படி

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். கட்டளைகளை ஒலித்தபடியே தந்திருக்கிறோம். டைப் செய்யும்போது எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்து. ஹைஃபனுக்குப் பின் வரும் ஓர் எழுத்துத்தான் ஆப்ஷன், அதில் பெரிய எழுத்து வேண்டிய இடத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.)

இன்றைய எபிசோடு ஒரு நேயர் கேள்வியிலிருந்து வந்தது. பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற ஒரு மீனவக் குப்பத்திலிருந்து, கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்தங்க வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. அப்பா போனில் தினம் 1.5 ஜிபி பிளான். அந்த ஹாட்ஸ்பாட்டில்தான் இவங்க லேப்டாப் ஓடுது. உபுண்டு போட்ட பழைய லேப்டாப். விடியற்காலை மூன்றரைக்கு அப்பா கடலுக்குக் கிளம்புமுன் காற்றும் அலையும் எப்படி இருக்குன்னு போனில் பார்ப்பார். சில நாள் அந்த நேரத்துக்கே "இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது"ன்னு மெசேஜ் வந்து நிக்குது. பன்னிரண்டு மணிக்குத்தானே புதுக் கணக்கு ஆரம்பிச்சது? மூன்றரை மணி நேரத்தில் 1.5 ஜிபியை யார் சாப்பிட்டது?

இதை லேசா எடுத்துக்க முடியாது. ஹைதராபாத்தில் இருக்கிற இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், அலை உயரம், காற்று, நீரோட்டம் எல்லாத்துக்கும் முன்னறிவிப்பு தருது. மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளையும் சொல்லுது. டேட்டா தீர்ந்ததும் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிடும். பைட் கணக்கில் நொடிக்கு 8 கிலோபைட். 5 எம்பி படம் ஒன்று திறக்கப் பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும். படகு கிளம்புற நேரத்தில் யாரும் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டாங்க. பார்க்காமலே போயிடுவாங்க.

"பெரிய பேக் போடுங்க"ன்னு சொல்றது சுலபம். அதுக்கு முன்னாடி எங்கே ஒழுகுதுன்னு பார்க்கணும். மூன்று கேள்வி: எவ்வளவு, எப்போ, யார்? இதே வரிசையில் போவோம்.

எவ்வளவு, எப்போ?

பழவேற்காடு முகத்துவாரத்தில் நின்னா, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் போய்வர்ற தண்ணி கண்ணுக்குத் தெரியும். எந்தத் தண்ணி எந்த ஓடையிலிருந்து வந்ததுன்னு தெரியாது. ஆனா எவ்வளவு, எந்த நேரத்தில்ங்கிறது தெரியும். கம்ப்யூட்டரில் அந்த முகத்துவாரத்துக்குப் பேர் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ். அதன் வழியா உள்ளே வந்த பைட், வெளியே போன பைட் ரெண்டையும் லினக்ஸ் கெர்னல் எப்பவும் எண்ணிக்கிட்டேதான் இருக்கு.

டெர்மினலில் "ஐபி ஹைஃபன் எஸ் லிங்க்"னு அடிங்க. ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ஆர்எக்ஸ், டிஎக்ஸ்னு ரெண்டு கணக்கு வரும். ஆர்எக்ஸ் வந்தது, டிஎக்ஸ் போனது. "டபிள்யூ எல்"னு ஆரம்பிச்சா வைஃபை. "எல்ஓ"ன்னு இருப்பது கம்ப்யூட்டர் தனக்குள்ளேயே பேசிக்கிறது, அது உங்க பேக்கில் சேராது.

இதில் ஒரு குறை, ரீபூட் பண்ணா கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அதுக்குத்தான் விஎன்ஸ்டாட். "சுடோ ஏபிடி இன்ஸ்டால் விஎன்ஸ்டாட்"னு போட்டா போதும். கெர்னல் எண்ணிய எண்ணிக்கையை அவ்வப்போது எடுத்துத் தன் நோட்டில் குறிச்சு வைக்கும். பாக்கெட் எதையும் பிரிச்சுப் பார்க்காது, அதனால் பழைய லேப்டாப்புக்கும் பாரம் இல்லை. ஒரு நாள் விட்டுட்டு "விஎன்ஸ்டாட் ஹைஃபன் எச்" அடிச்சா மணி வாரியாகவும், "ஹைஃபன் டி" போட்டா நாள் வாரியாகவும் கணக்கு வரும். நிறுவுறதுக்கு முன்னாடி நடந்தது அதுக்குத் தெரியாது.

இது லேப்டாப்பின் கணக்கு மட்டும்தான். போனின் டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில் ஹாட்ஸ்பாட் வழியாப் போனது எவ்வளவுன்னு இருந்தா, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. விஎன்ஸ்டாட் எண் சின்னதா இருந்து பேக் காலியாகுதுன்னா, ஆள் லேப்டாப் இல்லை. போனிலேயோ ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்திருக்கிற வேறு போனிலேயோ தேடணும்.

ஒரு கணக்கு மனசில் இருக்கட்டும். 1.5 ஜிபியை 24 மணி நேரத்துக்குப் பிரிச்சா நொடிக்குச் சுமார் 18 கிலோபைட். ஏதோ ஒரு புரோகிராம் சத்தமில்லாம அந்த வேகத்தில் ஓடிக்கிட்டே இருந்தா, நீங்க ஒரு வீடியோகூடப் பார்க்காமலே பேக் தீர்ந்திடும்.

யார்?

விஎன்ஸ்டாட் ஆள் பேர் சொல்லாது. அதுக்கு நெட்ஹாக்ஸ். "சுடோ நெட்ஹாக்ஸ்"னு ஓட்டினா, எந்தப் புரோகிராம் இந்த நொடியில் எவ்வளவு இழுக்குதுன்னு வரிசையா காட்டும். "எம்" பட்டனை அழுத்தினா வேகத்துக்குப் பதிலா மொத்த அளவு வரும்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிக்கிறதில்லை. நெட்ஹாக்ஸ் வழக்கமா டிசிபி டிராஃபிக்கை மட்டும்தான் பார்க்கும். பிரவுசரில் யூடியூப் பெரும்பாலும் குவிக் என்கிற முறையில் வரும், அது யுடிபி மேல ஓடுறது. அதனால் வீடியோ ஓடிக்கிட்டே இருக்கும், நெட்ஹாக்ஸில் ஒண்ணும் தெரியாது. புதிய பதிப்புகளில் "ஹைஃபன் சி", பெரிய எழுத்து சி, சேர்த்தா யுடிபியும் தெரியும்.

ராத்திரி ஒரு மணிக்கு யார் உட்கார்ந்து பார்ப்பது? "சுடோ நெட்ஹாக்ஸ் ஹைஃபன் டி"ன்னு ஓட்டினா திரையில் வரைவதற்குப் பதிலா வரி வரியா எழுதும். அதை ஒரு ஃபைலுக்குத் திருப்பி விட்டுட்டுத் தூங்கப் போகலாம்.

அந்தத் தங்கை விஎன்ஸ்டாட் போட்டுப் பார்த்ததில், நள்ளிரவு தாண்டினதும் ஒரே ஏற்றம். "ஸ்னாப் சேஞ்சஸ்"னு அடிச்சா, சமீபத்தில் எந்த ஸ்னாப் பேக்கேஜ் எப்போ அப்டேட் ஆச்சுன்னு பட்டியல் வரும். அதே நேரம், அதே ராத்திரி. உபுண்டுவில் ஸ்னாப் ஒரு நாளைக்கு நாலு முறை தானாகவே அப்டேட் தேடும். நாள் முழுக்கப் பரவலா தேடுறதால், ஒரு முறை நள்ளிரவுக்கும் காலை ஆறுக்கும் நடுவில் விழும். லேப்டாப் சார்ஜில், மூடாம, ஹாட்ஸ்பாட்டில் இருந்தா அப்பாவோட பேக்கில் முதலில் கை வைக்கிறது அதுதான்.

எப்படி நிறுத்துவது?

அப்டேட்டையே அணைச்சிடாதீங்க. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிறது அதுதானே. நேரத்தை மட்டும் மாத்தணும். பழவேற்காட்டு மீனவர்களுக்கு இது புதுசு இல்லை. ஏரியில் எந்த இடத்தில் இன்னைக்கு யார் வலை போடுறதுன்னு முறை வச்சுப் பிரிச்சுக்கிற "பாடு" அங்கே காலங்காலமா இருக்கு. அப்டேட்டுக்கும் ஒரு பாடு ஒதுக்கணும், அவ்வளவுதான்.

முதல் வேலை, இது அளவுள்ள இணைப்புன்னு சிஸ்டத்துக்குச் சொல்றது. வைஃபை செட்டிங்ஸில் அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு "மீட்டர்ட்" என்பதை ஆன் பண்ணுங்க. ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டை லினக்ஸ் பல நேரம் தானே அடையாளம் கண்டுக்கும், ஆனாலும் ஒரு முறை சரிபாருங்க. ஸ்னாப்புக்கு இது மட்டும் போதாது. "சுடோ ஸ்னாப் செட் சிஸ்டம் ரெஃப்ரெஷ் புள்ளி மீட்டர்ட் ஈக்வல் ஹோல்ட்"னு தனியா சொல்லணும். 

ரெண்டாவது, ராத்திரி பதினோரு மணிக்கு அன்றைய பேக்கில் மிச்சம் இருந்தா, "சுடோ ஸ்னாப் ரெஃப்ரெஷ்" நீங்களே ஓட்டுங்க. பன்னிரண்டு அடிச்சா எப்படியும் வீணாகிற டேட்டா அது. முடிஞ்சதும் லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டிலிருந்து கழட்டிடுங்க.

தெரியாத பேர் வந்தால்?

நெட்ஹாக்ஸில் புரியாத புரோகிராம் இருந்தா பயப்படாம "சுடோ எஸ்எஸ் ஹைஃபன் டியுஎன்பி" அடிங்க. எந்தப் புரோகிராம் எந்த முகவரியோடு பேசுதுன்னு வரும். பெரும்பாலானது நீங்க போட்ட சாஃப்ட்வேரோட துணை வேலையாத்தான் இருக்கும். நீங்க நிறுவாத ஒண்ணு, ஏதும் செய்யாதபோதும் நிறைய வெளியே அனுப்புதுன்னா, நெட்டைத் துண்டிச்சிட்டு விசாரிங்க.

இதில் எதுவும் உள்ளடக்கத்தைக் காட்டாது. யாரோடு பேசுது, எவ்வளவுங்கிறதுதான் தெரியும். இந்தக் கருவிகளை உங்க சொந்த மெஷினில் மட்டும் வையுங்க. அடுத்தவங்க லேப்டாப்பில் அவங்க சம்மதம் இல்லாம வேண்டாம்.

இன்னைக்கே விஎன்ஸ்டாட் மட்டும் போட்டு வையுங்க. ஒரு வாரம் கழிச்சு எந்த மணி உயரமா நிக்குதுன்னு பாருங்க, மீதியை அங்கிருந்து தேடலாம். உங்க வீட்டில் எது டேட்டா தின்னுச்சுன்னு வாய்ஸ் மெசேஜில் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.