பொதுப்பணியும் நன்கொடைக் காப்பும்

கணினி மென்பொருளின் மூலநிரலை மறைத்து வையாது, எவரும் கற்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை கொடுத்தலே திறந்த மூல முறையாகும். இம்முறையில் இயங்கும் தொண்டர் கூட்டங்கள் சிலவற்றை ஒரு கம்பனியே பொருளுதவி தாங்குவதுண்டு. அங்ஙனமாயின், மென்பொருளாற் பயன் பெற்றவர் நன்றியுணர்வோடு ஈயும் பணத்தை ஏற்பவர் யார்? கம்பனியிடம் கொடுப்பின் அது வாணிக வரவோடு கலந்துவிடும். கூட்டமோ சட்டத்தின்கண் ஓர் ஆளன்று.

இவ்விடர்க்குக் கண்ட வழியை ஓப்பின் ஒபிஸ் வரலாறு தெளிவுறக் காட்டும். ஜேர்மனிய நிறுவனமொன்று ஆக்கிய ஸ்ரார் ஒபிஸ் என்னும் அலுவலக மென்பொருளை 1999 இல் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் கம்பனி விலைக்கு வாங்கி, 2000 இல் அதன் மூலநிரலை உலகிற்குத் திறந்தது. ஊதியம் பெறும் நிரலாளரும் பெயருரிமையும் கம்பனியிடம் இருந்தன. வெளியார் நன்கொடையை ஏற்றற்கோ, ஜேர்மனியிற் பதிவுபெற்ற இலாபநோக்கற்ற தனிச்சங்கம் ஒன்று அமைந்தது. இதனால் ஈந்த பணம் கம்பனிப் பணத்தினின்றும் வேறாக நின்றது.

எனினும் பணம் மட்டுமா பொதுச்சொத்து? 2010 இல் ஒராக்கிள் கம்பனி சன்னை வாங்கியபொழுது, தொண்டர் பல்லாண்டு உழைத்துப் புகழ் சேர்த்த பெயரும் அதன் வசமாயிற்று. அவ்வாண்டு செப்ரெம்பரிலே தொண்டர் பலர் பிரிந்து டொக்கியூமென்ற் பவுண்டேசன் என்னும் அமைப்பை அறிவித்தனர். நிரல் திறந்ததாதலின் அதனை உடன்கொண்டு செல்ல முடிந்தது. பெயரைக் கொண்டு செல்ல இயலாமையால், லிப்ரே ஒபிஸ் எனப் புதுப்பெயர் சூட்டினர். பழைய பெயரைத் தமக்கு ஈயுமாறு ஒராக்கிளை வேண்டியும் அது கிட்டவில்லை. 2011 இல் அக்கம்பனி அம்மென்பொருளை அப்பாச்சி என்னும் வேறோர் இலாபநோக்கற்ற அமைப்பிடம் ஒப்புவித்தது.

பட்டறிவு தந்த பாடத்தைப் பிரிந்தோர் மறந்திலர். ஜேர்மனிய முறைப்படி அறநிலையம் நிறுவ மூலநிதியாக 50,000 யூரோ வேண்டுமென 2011 பெப்ரவரியில் விண்ணப்பித்தனர். எட்டே நாளில் அத்தொகை சேர்ந்தது. 2012 பெப்ரவரியில் அறநிலையம் பேர்ளினிற் சட்டப்படி நிலைபெற்றது. அறநிலையத்துக்குப் பங்குதாரர் இலர். ஆதலின் அதனை விற்றலும் வாங்கலும் இல்லை.

நம்மவர் தருமசாதனம் எழுதும் முறையை அறிந்தோர்க்கு இக்கருத்துப் புதிதன்று. நிலம் ஈந்தவர் அதன் நோக்கத்தையும் சாதனத்திற் குறிப்பர். தருமகர்த்தா காவலரேயன்றி உடையவர் அல்லர். கம்பனியின் ஆதரவு இகழத்தக்கதன்று. அஃதின்றேல் அம்மென்பொருள் பொதுவுடைமை ஆகியிராது. ஆயினும் ஆதரிப்போர் மாறுவர். ஆதலின் பணமும் பெயரும் ஆதரிப்போர் கையினின்றும் நீங்கிய தனிக்காவலில் இருத்தலே, ஈந்தவர் நோக்கம் பிழையாது நிற்றற்கு வழியாம்.